கவலைக்கு வன்னி வைத்த பெயர்கள்

2009 ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. வன்னியின் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து இரண்டு மாதமே ஆகியிருந்த நேரம். இடம்பெயர்ந்து இருந்தவர்கள், அண்மையில் மீளக் குடியேறியவர்கள், நெடுங்காலமாக அங்கேயே இருந்தவர்கள் என மூன்று வகையினரிடமும் மனநிலை பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டன. அதற்குப் பயன்பட்ட கருவிகளில் ஒன்று, உலகெங்கும் அகதிகளிடம் கேட்கப்படும் ஹொப்கின்ஸ் அறிகுறிப் பட்டியல். 25 கேள்விகள் கொண்ட அதன் ஆங்கில மூலத்தில் ஒரு வரி 'ஃபீலிங் புளூ' என்று இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவருக்கு அது கவலையாக இருப்பது. தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்தால், நீலமாக உணர்வது.

ஆங்கிலேயர் நீலத்தைக் கவலையோடு முடிச்சுப் போட்டது பழைய கதை. 18 ஆம் நூற்றாண்டில் மனம் சோர்ந்து கிடப்பவரை 'நீலப் பேய்கள்' பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பேச்சு கடல் கடந்து போய், அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்களின் பாட்டுக்குப் பெயராயிற்று. டபிள்யூ. சி. ஹாண்டியின் 'மெம்பிஸ் புளூஸ்' 1912 இல் அச்சேறியது. வன்னியில் நீலத்தின் சங்கதியே வேறு. வயல் வரம்பில் பாம்பு தீண்டியவரின் உடம்பு நீலம் பாரிக்கும். நஞ்சை உண்டவன் நீலகண்டன். அங்கே அது விஷத்தின் நிறம். கணவனையும் பிள்ளையையும் இழந்த ஒரு தாயிடம் அந்த நிறத்தைச் சொல்லிக் கவலையைக் கேட்க முடியாது.

ஆங்கிலத்தின் மற்றக் கவலைச் சொற்களுக்கும் இப்படி ஒவ்வொரு பூர்வீகம் உண்டு. 'மெலங்கோலி' கிரேக்க வைத்தியத்திலிருந்து வந்தது. உடம்பில் ஓடும் நான்கு நீர்களில் கறுப்புப் பித்தம் மிகுந்தால் மனம் இருளும் என்பது அந்த வைத்தியரின் கொள்கை. 1621 இல் ரொபர்ட் பேர்ட்டன் என்ற ஒக்ஸ்போர்ட் அறிஞர் அந்த ஒரு நோயைப் பற்றியே பென்னாம்பெரிய புத்தகம் எழுதினார். 'டிப்ரெஷன்' என்பதன் லத்தீன் வேர் கீழே அழுத்துவதைக் குறிக்கும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடொல்ப் மேயர் போன்ற உளமருத்துவர்கள் மெலங்கோலியை விட்டுவிட்டு இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். 'ட்ரோமா' என்றால் கிரேக்கத்தில் காயம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் நிலை பெரும் பேச்சான பிறகு, 1980 இல், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது.

இவை எல்லாம் ஒவ்வொரு காலத்தில் வன்னிக்கும் வந்து சேர்ந்தன. சில அகராதியின் வழியாக வந்தன, சில ஆஸ்பத்திரித் துண்டில் வந்தன, சில தொண்டு நிறுவனங்களின் படிவத்தில் வந்தன. அவை வரும்போது வன்னி வாய் பேசாமல் இருக்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மக்கள் தங்கள் துக்கத்தைச் சொல்லப் பழைய, நுட்பமான சொற்களையும் சடங்குகளையும் வைத்திருந்தார்கள். அந்தச் சொற்களின் வரலாறு எழுதப்பட வேண்டியது, ஏனென்றால் அவற்றைக் காது கொடுத்துக் கேட்ட இடத்தில்தான் வைத்தியமும் பலித்திருக்கிறது.

முதலில் அன்றாடப் பேச்சு. வன்னியில் ஒருவர் 'எனக்குத் துக்கமாக இருக்கிறது' என்று சொல்வது அருமை. அது புத்தகத் தமிழ். 'ஒரே யோசினையாக் கிடக்கு' என்பார்கள். யோசினை என்பது இங்கே திட்டம் போடுவதல்ல. நித்திரை இல்லாமல் கிடந்து ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்து உழல்வது. 'அந்தரமாக் கிடக்கு' என்றால் இருக்கவும் முடியாது, எழும்பவும் முடியாது, ஒரு பதற்றம். கைவிடப்பட்ட நிலையில் தவித்தவர் 'அந்தரிச்சுப் போனம்' என்பார். ஆத்திர அந்தரத்துக்கு உதவுகிறவர்தான் சொந்தக்காரர் என்று ஊரில் சொல்வதும் இதே அந்தரத்தை வைத்துத்தான். ஷெல் சத்தத்தில் விறைத்து நின்ற பிள்ளையைப் 'பயந்து ஏங்கிப் போச்சு' என்று சொல்லி, திருநீறு போடவும் நூல் கட்டவும் பரியாரியாரிடம் கொண்டோடுவார்கள். தாயைப் பிரிந்து சோறு தண்ணியில்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு வந்தது 'ஏக்கம்'. நெஞ்சு படபடத்துக் கை நடுங்கினால் 'பதகளிப்பு'. ஒன்றிலும் மனம் ஒட்டாவிட்டால் 'ஒண்டும் பிடிக்குதில்லை'. வாழ்க்கை மீதே பற்று அறுந்தால் 'மனம் விட்டுப் போச்சு'.

உடம்பின் வழியாகப் பேசும் சொற்கள் இன்னும் கூட. நெஞ்சு இறுக்கம், தலை விறைப்பு, கைகால் உளைவு, சோறு இறங்காமை, பெருமூச்சு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் 'பெத்த வயிறு எரியுது' என்பாள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் இன்றும் இதைக் காணலாம். வயது போன அம்மா ஒருவர் துண்டைக் கையில் பிடித்தபடி வாங்கில் இருப்பார். முறை வந்ததும் உள்ளே போய், 'தம்பி, நெஞ்சு இறுக்குது, பெருமூச்சுப் பெருமூச்சா வருகுது' என்பார். இளம் வைத்தியர் முதலில் இருதயத்தைச் சோதிப்பார். அது சரியான வேலை, நெஞ்சு இறுக்கத்தைச் சும்மா விடக் கூடாது. ஈசிஜி சுத்தமாக வந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் வாயுக் குளிசை எழுதி அனுப்புவார். இன்னொருவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, 'அம்மா, வீட்டில ஆரார் இருக்கினம்?' என்று கேட்பார். அதற்குப் பிறகு வருவதுதான் நோயின் கதை.

தமிழர் மன வருத்தத்தை உடம்பு வருத்தமாகவே சொல்வார்கள் என்பதை யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். உணர்ச்சியைப் பிரித்துச் சொல்லச் சொல் இல்லாத குறை என்று அதைப் படிப்பவர்களும் உண்டு. அது தவறான படிப்பு. தமிழில் நெஞ்சு என்பது மார்புக் கூடும்தான், மனமும்தான். திருக்குறளில் 125 ஆம் அதிகாரத்தின் பெயரே 'நெஞ்சொடு கிளத்தல்'. பிரிவில் வாடும் பெண் தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசும் அதிகாரம் அது. இருதயத்தையும் மனதையும் இரண்டாகப் பிரிக்காத மொழியில் 'நெஞ்சு இறுக்குது' என்பது முழுமையான வாக்குமூலம்.

இலக்கணக்காரரும் இதை விட்டுவைக்கவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் விதத்தை எட்டாக வகுக்கிறது. அவற்றில் ஒன்று அழுகை. அது பிறக்கும் நிலம் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இழிவுபடுவது இளிவு. உறவையோ பொருளையோ இழப்பது இழவு. முன்பு இருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்குத் தள்ளப்படுவது அசைவு என்று உரைகாரர் விளக்குவார்கள். இல்லாமை வறுமை. 2009 இல் முகாம்களின் முட்கம்பிக்குள் நின்ற வன்னி மக்களின் கண்ணீருக்குக் காரணம் தேடினால் இந்த நான்கும் ஒருங்கே கிடைக்கும். அவற்றிலும் அசைவு என்ற மூன்றாவது காரணம், இடப்பெயர்வின் துயரத்தை இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே தனியாக இனங்கண்டு வைத்தது.

இனிச் செத்தவீடு. வன்னியில் துக்கத்துக்குப் பொதுவிடம் அதுதான். பெண்கள் படலைக்குள் கால் வைக்கும்போதே குழறத் தொடங்குவார்கள். பிரேதத்தைச் சுற்றி இருந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிப் பிடித்து, முன்னும் பின்னும் அசைந்தபடி ஒப்பாரி சொல்வார்கள். முதல் அடி பெரும்பாலும் உறவுப் பெயராக இருக்கும்: என்ர ராசா, என்ர ஐயா, என்ர குஞ்சு. அடுத்து இறந்தவரின் நடை, உடை, கொடை. அதற்கு அடுத்தது முறைப்பாடு. என்னை ஆரிட்டை விட்டிட்டுப் போனாய் என்று இறந்தவரிடமே வழக்கு. இந்த இடத்தில் ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றியும், சீதனக் காணியைப் பற்றியும், குடித்துவிட்டு வரும் புருசனைப் பற்றியும் ஊர் கேட்கச் சொல்லலாம். வேறு எந்த நாளிலும் அவள் வாய் திறக்க முடியாத சங்கதிகள் அவை. ஒப்பாரியில் சொன்னதைப் பிறகு ஒருவரும் குத்திக் காட்டுவதில்லை.

துக்கத்துக்கு அங்கே நாட்கணக்கும் உண்டு. எட்டாம் நாள் எட்டுச்செலவு, 31 ஆம் நாள் அந்தியேட்டி, வருடம் திரும்ப ஆட்டத் திவசம். தகப்பன் இல்லாதவருக்கு ஆடி அமாவாசை விரதம், தாய் இல்லாதவருக்குச் சித்திரா பௌர்ணமி. அழுவதற்கு நாள் குறித்து, அழுகையை முடித்து எழும்புவதற்கும் நாள் குறித்த ஏற்பாடு இது.

இந்த மரபு வன்னிக்கு இலக்கியமும் தந்திருக்கிறது. வன்னிமைகள் என்ற சிற்றரசுகள் ஆண்ட காலத்தில் யானை பிடிப்பது இங்கே பெருந்தொழில். போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னியர் திறையாகக் கொடுத்தது யானைகளைத்தான். யானை பிடிப்பவர் பணிக்கர். வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை, ஆண்களே கிட்ட நெருங்கப் பயந்த கொம்பனைப் பிடித்துக் கட்டியவள் என்பது வழிவழி வந்த கதை. அவளுடைய சாவைப் பாடும் நாட்டார் பாடல்தான் 'வேலப்பணிக்கன் ஒப்பாரி'. ஒரு நாட்டின் வீரக்கதை பரணியாக வராமல் ஒப்பாரியாக வந்திருக்கிறது. யானை பிடித்த பெண்ணை வன்னி நினைவில் வைத்தது அழுகையின் வழியாக.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலும் அப்படியே. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, ஒரு கிழவியாக நந்திக் கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் வந்தாள். பசிக்கிறது என்றாள். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்ற பிள்ளைகளிடம் கடல் நீரை ஊற்றி எரிக்கச் சொன்னாள். பேன் பார்க்கச் சொன்னபோது தலை முழுக்கக் கண்களைக் கண்டு பிள்ளைகள் மிரண்டார்கள். இது தலவரலாறு. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். முல்லைமோடி என்ற ஆட்டப் பாணியில் கோவலன் கூத்து ஆடப்படுகிறது. நீதி கிடைக்காத ஒரு கைம்பெண்ணின் கோபமும் துக்கமும் தெய்வமாக இருக்கும் ஊர் அது. அந்தக் கோயிலிலிருந்து பார்த்தால் தெரியும் நந்திக் கடலின் கரையில்தான் 2009 மே மாதத்தில் போர் முடிந்தது.

கத்தோலிக்கர் இதே மரபைத் தேவாலயத்துக்குள் கொண்டு போனார்கள். 1705 இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இராகம் இழுத்து வாசிக்கப்படுவது. இயேசுவின் பாடுகளைக் கேட்டு ஊரே அழும். வியாகுலம் என்ற சொல் இன்றைக்கும் கத்தோலிக்கத் தமிழரின் வாயில் உயிரோடு இருப்பதற்கு அந்த வாசிப்பும் ஒரு காரணம். முஸ்லிம்களுக்கு மௌத்து வீட்டின் அடக்கமான அழுகை. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு உட்பட வடக்கு முழுவதிலுமிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட அவர்கள், அந்தத் துக்கத்தைப் புத்தளத்து முகாம்களுக்குக் காவிச் சென்றார்கள். வன்னித் துயரத்தைப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையல்ல.

ஆங்கிலச் சொற்கள் வந்த வழியை இனிப் பார்க்கலாம். அது யாழ்ப்பாணத்து மிஷன் அச்சுக்கூடத்தில் தொடங்குகிறது. 1842 இல் மானிப்பாயில் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. 1862 இல் மிரன் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு சென்னையில் அச்சானது. 1847 இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம், இரசாயனம் என்று நூல் நூலாகத் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கில மருத்துவம் தமிழ் பேச முடியும் என்பதை 150 வருடங்களுக்கு முன்பே காட்டியவர் அவர். ஆனால் அவருக்குப் பிறகு அந்த வழி தூர்ந்தது. வைத்தியம் ஆங்கிலத்தில் படிக்கப்பட்டது, நோயாளி தமிழில் அழுதார்.

அந்த இடைவெளியில் மனநோய்க்கு வன்னியில் இருந்த பெயர்கள் இரண்டு மூன்றுதான்: விசர், பைத்தியம், பித்து. எல்லாமே ஏச்சு. 1926 இல் கொழும்புக்கு அருகே அங்கொடையில் மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்ட பிறகு அந்த ஊரின் பெயரும் ஏச்சாயிற்று. விசர் என்ற முத்திரைக்குப் பயந்து எத்தனையோ குடும்பங்கள் நோயாளியை வீட்டுக்குள் வைத்தே பார்த்தன. உள்ளூர்ச் சொற்களின் இந்தப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். யோசினை, அந்தரம், ஏக்கம் ஆகியவை மனிதரை அணைக்கும் சொற்கள். விசர் என்பது மனிதரை விலக்கி வைத்த சொல். நடுவில் நிற்கும் ஒருவருக்கு, அதாவது மாதக்கணக்காக எழும்ப முடியாமல் கிடக்கும், ஆனால் விசர் இல்லாத ஒருவருக்கு, ஊரில் பெயர் இருக்கவில்லை. 'மனச்சோர்வு' என்ற புதிய சொல் செய்த நன்மை அங்கேதான். அது நோய், அதற்கு மருந்து உண்டு, மாறும் என்று சொல்ல ஒரு வழி பிறந்தது.

போர் வந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறினார்கள். பெருந்தொகையினர் பிறகு வன்னிக்குள் வந்தார்கள். 1996 இல் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. 'இடப்பெயர்வு', 'பங்கர்', 'கிபிர்', 'வண்டு' என்று ஒரு புதிய அகராதி குழந்தைகளின் வாயில் வந்தது. பங்கர் என்பது பதுங்குகுழி, கிபிர் குண்டு வீசும் போர் விமானம், வண்டு வானத்தில் சுற்றிய ஆளில்லா விமானம். வண்டின் இரைச்சல் கேட்டால் அடுத்தது ஷெல் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

போர்க் காலத்தில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 'மனவடு' என்ற தமிழ்க் கைந்நூலை ஆக்கினார். அடிமட்டச் சுகாதார ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் போரின் மன விளைவுகளை எளிமையாகச் சொன்ன நூல் அது. சொல்லின் தேர்வைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தின் ட்ரோமா காயத்தைக் குறிக்கிறது. வடு, காயம் ஆறிய பின் நிற்கும் தழும்பு. ஆறும் என்ற நம்பிக்கையும், அடையாளம் போகாது என்ற உண்மையும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்து நிற்கின்றன. 1998 இல் அவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட நூலுக்கும் வடுப்பட்ட மனங்கள் என்றுதான் பொருள்.

அதே தலைமுறை உளவியலாளர்கள் நிலைக்க வைத்த இன்னொரு சொல் 'உளவளத்துணை'. தமிழகத்தில் இதை மனநல ஆலோசனை என்பார்கள், அல்லது கவுன்சலிங் என்றே சொல்லிவிடுவார்கள். ஈழத்தில் அது துணையாயிற்று. ஆலோசனை சொல்கிறவர் ஒரு படி மேலே இருக்கிறார். துணை பக்கத்தில் இருக்கிறது. செத்தவீட்டில் தோளைக் கட்டிப் பிடித்து இருந்த பெண்ணின் இடம் அது. 2004 டிசெம்பர் 26 இல் கடல் முல்லைத்தீவை அள்ளிச் சென்று ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, பாடசாலைகளிலும் முகாம்களிலும் துணை என்று போய் இருந்தவர்களில் ஊர் ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் இருந்தார்கள். அடுத்த வருடம் இலங்கை அரசு புதிய உளநலக் கொள்கையை ஏற்று, அங்கொடைக்கு வெளியே மாவட்டங்களில் சேவையைப் பரப்ப முடிவு செய்தது.

2009 மே 18 இல் போர் முடிந்தது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். கடைசி மாதங்களில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சியில் உயிர் பிடித்தவர்கள். பங்கருக்குள்ளும் வீதியோரத்திலும் பிரேதத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை, கீரிமலையில் கரைக்கச் சாம்பலும் இல்லை. நாட்கணக்குள்ள துக்கம் நாளில்லாத துக்கமாயிற்று. தயா சோமசுந்தரம் 2010 இல் எழுதிய ஆய்வில் இதைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். தனியாளின் மனம் மட்டும் அல்ல, குடும்பமும் ஊரும் ஒருவரையொருவர் நம்பும் வழக்கமும் உடைந்து போனதை அவர் காட்டினார். ஊரே காயப்பட்டிருக்கும்போது ஆள் ஆளாகக் குளிசை கொடுத்து மட்டும் மாற்ற முடியாது என்பது அந்த ஆய்வின் சாரம். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

போருக்குப் பிந்திய வருடங்களில் பொதுவில் அழுவதே குற்றம்போலப் பார்க்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லங்கள் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டன. மே 18 இல் விளக்கேற்றுவதற்குத் தடை வந்தது. ஒப்பாரி சொல்லக் கூட்டம் வேண்டும். கூட்டம் கூடக் கூடாது என்றால் ஒப்பாரி நெஞ்சுக்குள் போய் இறுக்கமாகிறது. ஆஸ்பத்திரி வாங்கில் அந்த அம்மா சொல்லும் நெஞ்சு இறுக்கத்தின் வரலாறு இவ்வளவு தூரம் பின்னால் போகிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு நிலைமை இன்னும் கொடியது. மகன் செத்தான் என்று எட்டுச்செலவு செய்ய மனம் வராது. உயிரோடு இருக்கிறான் என்று நிம்மதியாக நித்திரை கொள்ளவும் முடியாது. மருமகள் பொட்டு வைப்பதா, அழிப்பதா? திவசம் எந்த நாளில்? அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் 1970களில் இப்படிப்பட்ட நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். இது ஆங்கிலம் தந்த நல்ல சொற்களில் ஒன்று, ஏனென்றால் இந்தத் தாய்மாரின் துயரம் அவர்களுடைய மனக்கோளாறு அல்ல, அவர்களுக்கு இழைக்கப்பட்டது என்பதை அது தெளிவாக்கியது. தாய்மாரும் தங்கள் பங்குக்குச் சொல்லைத் திருத்தினார்கள். 'காணாமல் போனோர்' என்பதை அவர்கள் ஏற்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகப் போகவில்லை, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதுங்கள் என்றார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் அவர்களின் தொடர் போராட்டம் தொடங்கியது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்துப் பந்தல்கள் எழுந்தன. படங்களை மடியில் வைத்தபடி, வாய்விட்டுக் குழறி, பிள்ளையின் பெயரைச் சொல்லி, அரசிடம் வழக்குரைத்தார்கள். உறவுப் பெயர், புகழ், முறைப்பாடு என்ற ஒப்பாரியின் மூன்று படியும் அந்தப் பந்தலில் இருந்தன. கேட்கிறவர் மட்டும் மாறியிருந்தார்.

தொடக்கத்தில் சொன்ன ஆய்வின் முடிவு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. பதிலளித்தவர்களில் பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடமும், மனவடு நோயின் அறிகுறிகள் 7.0 வீதத்தினரிடமும் இருந்தன. போர்ப் பிரதேசம் என்றதும் உலகம் தேடி வருவது மூன்றாவதைத்தான். தாளில் மிஞ்சி நின்றவை முதல் இரண்டும். அதாவது அந்தரமும் யோசினையும். ஊர்ச் சனம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை எண்களும் சொல்லின.

அந்த எண்கள் தேவை. மாவட்டத்துக்கு எத்தனை உளநல வைத்தியர், எத்தனை தாதியர் வேண்டும் என்று அமைச்சிடம் கேட்க எண் இல்லாமல் முடியாது. அதே நேரம் ஒரு கேள்வியையும் மறக்க முடியாது. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985 இல் எழுதிய கட்டுரையில், உலகமே துக்கமயம் என்று நம்பும் சிங்கள பௌத்தர் ஒருவரின் சோகத்தை மேற்குலக அளவுகோலால் நோய் என்று அளக்கலாமா என்று கேட்டார். வன்னியின் அனுபவம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. துக்கம் எல்லாம் நோயல்ல. செத்தவீடு முடிய வேண்டிய அழுகைக்குக் குளிசை கொடுப்பது பிழை. சாப்பாடு, நித்திரை, வேலை எல்லாம் மாதக்கணக்காக நின்று, சாவைப் பற்றியே நினைப்பவரை 'யோசினைதானே' என்று வீட்டில் விடுவதும் பிழை. இரண்டையும் பிரித்தறிய வைத்தியருக்கு ஆங்கிலப் பாடப்புத்தகமும் வேண்டும், ஊர்ப் பேச்சும் வேண்டும். இவற்றில் ஊர்ப் பேச்சும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டியது.

செய்ய வேண்டிய வேலை சிறியதுதான். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. அங்கே படிக்கும் பிள்ளைகள் கிராமம் கிராமமாகப் போய், அம்மம்மாக்களின் வாயில் உள்ள கவலைச் சொற்களையும் ஒப்பாரிகளையும் பதிவு செய்யலாம். மலையகத்திலிருந்து 1958, 1977 கலவரங்களுக்குப் பின் வந்து குடியேறியவர்களின் ஒப்பாரி வேறு, முள்ளியவளைப் பழங்குடிகளின் ஒப்பாரி வேறு, கரையோரக் கத்தோலிக்கரின் இராகம் வேறு. மூன்றும் வேண்டும். சுகாதாரத் திணைக்களம் தன் படிவங்களில் மனச்சோர்வுக்குப் பக்கத்தில் யோசினை, அந்தரம், நெஞ்சு இறுக்கம், மனம் விட்டுப் போதல் ஆகியவற்றையும் அச்சடிக்கலாம். வன்னிக்கு மாற்றலாகி வரும் ஒவ்வொரு புதிய வைத்தியரிடமும் அந்தச் சொற்பட்டியலை முதல் நாளே கொடுக்கலாம். ஒப்பாரி சொல்லத் தெரிந்தவர்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். தள்ளிப்போட நேரமில்லை.

வாசகர் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் ஒருவர் பல நாளாக ஒரே யோசினை, ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொன்னால், அவர் பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேட்டும் மாறாவிட்டால், மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இலங்கையின் எந்த மூலையிலிருந்தும் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம்.